சிடி பிளேயரில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளி விழாமல் கேட்க முடியுமா? ஒவ்வொன்றையும் கொஞ்சம் கேட்டுப் பார்த்து வேண்டியதைத் தேட வழி உண்டா?

இரண்டுமே முடியும். பிளேயரைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். குற்றம் பெரும்பாலும் அதன் மேல் இல்லை, டிஸ்க்கை எழுதிக் கொடுத்தவர் மேல்.

உங்களிடம் இருப்பது யாரோ கணினியில் எழுதிக் கொடுத்த டிஸ்க் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆடியோ சிடியில் பாட்டுகள் துண்டு துண்டாக இல்லை. உள்வட்டத்தில் ஆரம்பித்து வெளிவிளிம்பு வரை ஒரே சுருள் தடம்தான். எத்தனையாவது பாட்டு எந்த நிமிடம் எந்த நொடியில் தொடங்குகிறது என்ற அட்டவணை மட்டும் உள்ஓரத்தில் இருக்கும். 1982-ல் சிடி விற்பனைக்கு வந்தபோதே இதுதான் ஏற்பாடு. பாட்டின் எல்லை வந்ததும் லேசர் நின்று மூச்சு வாங்குவதில்லை. முகப்பில் எண் மாறும், அவ்வளவுதான்.

எனக்கு இதைத் தெரிந்துகொள்ள வைத்தது அப்பாவின் கோபம். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் நடந்த நாயனக் கச்சேரியைப் பதிவு செய்திருந்தோம். (காப்பிரைட் என்று யாரும் கிளம்ப வேண்டாம். வித்வானிடம் கேட்டுத்தான் எடுத்தோம், வீட்டில் கேட்பதற்கு மட்டும்.) டவுனில் ஒரு ஸ்டுடியோக்காரர் அதை ட்ராக் ட்ராக்காகப் பிரித்து சிடியில் எழுதிக் கொடுத்தார். தோடி ஆலாபனை ஒன்று, கீர்த்தனை ஒன்று, தனித் தவில் ஒன்று, அப்புறம் மறுபடி பல்லவி எடுக்கும் இடத்திலிருந்து ஒன்று. தவிலில் கோர்வை (தனியை முடித்துவைக்கும் தாளக் கணக்கு) மூன்றாவது முறையும் விழுந்து, நாயனம் பல்லவியை எடுக்க வேண்டிய அந்தக் கணத்தில் சுருதிப் பெட்டி உட்பட எல்லாம் அடங்கிவிட்டது. முழுசாக 2 நொடி. பிறகு திடீரென்று பல்லவி. “ஏண்டா, நாயனக்காரர் சீவாளி மாத்தப் போயிட்டாரா?” என்றார் அப்பா. (சீவாளி என்றால் நாயனத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டு.)

ஸ்டுடியோக்காரரிடம் கேட்டால், “பிளேயர் பழசு சார், லென்ஸ் வீக்” என்றார். லென்ஸும் மாற்றினோம். அதே இடம், அதே மௌனம். லென்ஸ் பழுதென்றால் கண்ட இடத்தில் திக்கும், குதிக்கும். சொல்லிவைத்தாற்போல் ஒவ்வொரு ட்ராக் முடிவிலும் சரியாக 2 நொடி நிற்காது. இதைச் சொன்ன பிறகும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு கதை.

நடந்தது இதுதான். ட்ராக் அட் ஒன்ஸ் என்ற முறையில் எழுதினால் ஒவ்வொரு ட்ராக்குக்கும் எழுதும் லேசர் அணைந்து எரியும், நடுவில் 2 நொடி வெற்றிடம் விழும். டிஸ்க் அட் ஒன்ஸ் முறையில் முழு டிஸ்க்கையும் ஒரே மூச்சில் எழுதும். நீரோ போன்ற மென்பொருளில் இதைத் தேர்ந்தெடுத்து, இரண்டாவது ட்ராக்கிலிருந்து இடைவெளியை 0 என்று வைக்க வேண்டும். முதல் ட்ராக்குக்கு முன்னால் உள்ள 2 நொடி விதிப்படி இருந்தே தீரும், அதைத் தொட வேண்டாம். இன்னொன்று: சிடி ஒரு நொடியை 75 பங்காகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. ஒரு பங்கில் 588 மாதிரிகள், அதாவது ஒலியை அளந்து குறித்த எண்கள். ட்ராக்கை வெட்டும் இடம் அந்தப் பங்கின் எல்லையில் விழாவிட்டால் மீதிக்கு வெறுமையை நிரப்பிவிடும், எல்லையில் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கலாம். இப்படி மறுபடி எழுதிய டிஸ்க் அதே பிளேயரில் தடங்கலே இல்லாமல் ஓடியது.

2 நொடிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்பவர்களுக்கு: சினிமாப் பாட்டுத் தொகுப்பு என்றால் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருப்பதே நல்லது. நான் பேசுவது கச்சேரியைப் பற்றி.

கச்சேரி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். இப்போது கல்யாணங்களில் நாயனக்காரர்களை ஓரமாக ஒரு மூலையில் உட்கார வைக்கிறார்கள். ஒரு நல்ல காம்போதியைப் பாதியில் நிறுத்தச் சொல்லி, மாப்பிள்ளையின் நண்பர்கள் மைக்கில் ஜோக் அடிக்கிறார்கள். போன மாதம் ஒரு மண்டபத்தில் கெட்டிமேளமே பென்டிரைவில் ஒலித்தது. தாலி ஏறி முடிந்த பிறகும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், தெரியும்.

சரி, இரண்டாவது கேள்வி. பல பிளேயர்களில், ரிமோட்டிலாவது, இன்ட்ரோ என்றோ ஸ்கேன் என்றோ ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் ஒவ்வொரு ட்ராக்கிலும் முதல் 10 நொடி அளவு ஒலித்து அடுத்ததற்குப் போகும். வேண்டியது வந்ததும் இன்னொரு முறை அழுத்தினால் அங்கேயே தொடரும். (எல்லா மாடலிலும் இல்லை, என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.) நம் கச்சேரிப் பதிவுகளில் இதில் ஒரு வில்லங்கம் உண்டு. முதல் 10 நொடியும் சுருதியும் தொண்டைக் கனைப்பும்தான் கேட்கும், எல்லா ட்ராக்கும் ஒன்றுபோலவே தோன்றும். அதனால் நான் ட்ராக் குறியைச் சுருதி தொடங்கும் இடத்தில் வைப்பதில்லை, பல்லவியின் முதல் எழுத்துக்கு அரை நொடி முன்னால் வைக்கிறேன். இடைவெளி 0 என்பதால் தொடர்ந்து கேட்பவருக்குக் குறி எங்கே விழுந்தது என்றே தெரியாது, இன்ட்ரோவை அழுத்துபவருக்கோ நேராகப் பல்லவி கிடைக்கும். அந்த அரை நொடி எதற்கென்றால், சில பிளேயர்கள் புது ட்ராக்குக்குத் தாவும்போது முதல் எழுத்தை விழுங்கிவிடும்.

இன்ட்ரோ பொத்தான் இல்லையென்றால் அடுத்த பாட்டுக்கான பொத்தானை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலான சிடி பிளேயர்களில் பாட்டு துண்டு துண்டாகக் கேட்டுக்கொண்டே முன்னால் ஓடும்.

உங்களுடையது எம்பி3 நிரப்பிய டிஸ்க் என்றால் மேலே சொன்ன இடைவெளி வைத்தியம் பலிக்காது. எம்பி3-ஆக மாற்றும்போதே ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வாலிலும் கொஞ்சம் வெறுமை ஒட்டிக்கொள்ளும், பழைய பிளேயர்களுக்கு அதைக் கத்தரிக்கத் தெரியாது. கச்சேரி முழுவதையும் ஒரே கோப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். அப்போது இன்ட்ரோவை மறந்துவிட வேண்டியதுதான்.