பேட்டரி இல்லாத டார்ச்

கேள்வி: எனக்கு வயது 46. மனைவி, இரண்டு பிள்ளைகள், 74 வயது அம்மாவுடன் வசிக்கிறேன். ஒன்பது நாளாக எங்கள் வீட்டு டிவியில் வெள்ளச் செய்தியைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை. வெள்ளம் வந்த இடம் இங்கிருந்து 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆற்றங்கரையில் ஒரு வீடு சரிந்து விழும் காட்சியை ஒரே மணி நேரத்தில் 14 முறை காட்டினார்கள். நானே எண்ணினேன். வீட்டைப் பறிகொடுத்து அழும் பெண்ணிடம் மைக்கை நீட்டி, "இப்போ உங்க மனநிலை எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். அம்மா காலையில் டிவி முன்னால் உட்கார்ந்தால் இரவுதான் எழுகிறார். ரிமோட்டைக் கேட்டால், "இருடா, என்னமோ சொல்றாங்க" என்கிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு பழைய பையில் மாற்றுத் துணி, மாத்திரை, ஏதேதோ காகிதங்கள், ஒரு டார்ச் எல்லாம் கட்டி, கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். டார்ச்சில் பேட்டரிகூட இல்லை! பிள்ளைகள் எடுத்துக்கொண்டு வந்து காட்ட, வீடே சிரித்தது. பேசாமல் டிவி இணைப்பையே துண்டித்துவிடலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: தம்பி, ஒவ்வொரு புயலுக்கும் வெள்ளத்துக்கும் பிறகு இப்படிப் பத்துக் கடிதமாவது எனக்கு வரும். ஊர் மாறும், சேனல் மாறும், புகார் மாறாது. அதனால் உங்கள் கடிதத்தையும் வேகமாகத்தான் படித்துக்கொண்டு போனேன். அந்த டார்ச் வந்த இடத்தில் நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு எழுதியிருந்த எதுவும் மனதில் ஏறவில்லை.

முதலில் சேனல்கள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். உங்கள் கோபம் நியாயம். அழுகிறவர் முகத்தில் மைக்கை நீட்டுவது அநாகரிகம். திங்கட்கிழமை எடுத்த காட்சியை வியாழக்கிழமை "நேரலை" என்ற எழுத்துக்குக் கீழே ஓட்டுவது பொய். பரபரப்பான படம் கிடைத்தால் விழுந்து விழுந்து காட்டுவார்கள், படம் இல்லாத துயரத்தைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். 1968 முதல் 2002 வரை உலகில் நடந்த சுமார் 5,000 பேரிடர்களை எடுத்துக்கொண்டு, அமெரிக்கத் தொலைக்காட்சி எவற்றைக் காட்டியது என்று இரண்டு பொருளாதார அறிஞர்கள் கணக்குப் பார்த்தார்கள். ஒலிம்பிக் போட்டி நடக்கும் நாட்களில் வந்த பேரிடர்களுக்குச் செய்தியில் இடம் குறைந்தது, செய்தியில் இடம் குறைந்தபோது நிவாரண உதவியும் குறைந்தது. எரிமலையில் ஒருவர் இறந்தால் கிடைக்கும் கவனம், பஞ்சத்தில் கிடைக்க சுமார் 40,000 பேர் சாக வேண்டியிருந்தது. பஞ்சம் மெதுவாகக் கொல்கிறது, அதைப் படம் பிடித்துப் பரபரப்பாக்க முடியாது. அதனால் சேனல்களைத் திட்டுங்கள், புகார் எழுதிப் போடுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

இப்போது டார்ச்சுக்கு வருகிறேன்.

ஒரு வீடு சரிவதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து 14 முறை என்று எண்ண உங்களுக்குப் பொறுமை இருந்தது. டார்ச்சில் பேட்டரி இல்லை என்பதும் உங்கள் கண்ணில் பட்டது. பட்டதும் சிரித்தீர்கள். சிரித்து முடித்ததும் அந்த டார்ச்சை என்ன செய்தீர்கள்? கடிதத்தில் அது இல்லை. பேட்டரி வாங்கிப் போட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். அப்படியே பைக்குள் போட்டு, பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டீர்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் பை எப்படித் தயாராகியிருக்கும் என்று யோசித்தீர்களா? 74 வயதில் ஒருவர் யாரிடமும் சொல்லாமல் மாற்றுத் துணி எடுத்து மடிக்கிறார். எந்த மாத்திரை எத்தனை நாளைக்கு வேண்டும் என்று கணக்குப் பார்த்து எடுத்து வைக்கிறார். பத்திரமாகக் காப்பாற்ற வேண்டிய காகிதம் எது என்று தேடுகிறார். வீட்டில் எங்கோ கிடந்த டார்ச்சைக் கண்டுபிடிக்கிறார், அழுத்திப் பார்க்கிறார், எரியவில்லை. எரியாத டார்ச்சை ஏன் பையில் வைத்தார்? மகனிடம் பேட்டரி கேட்டால் மகன் சிரிப்பான் என்று அவருக்குத் தெரியும். கேட்பதைவிட எரியாத டார்ச்சே மேல் என்று நினைத்திருக்கிறார். உங்கள் வீட்டில் நான்கு பேர் நல்ல உடம்போடு இருக்கிறீர்கள். ஆபத்து வந்தால் தன்னைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வரும் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்திருந்தால் அந்தப் பையைக் கட்டியிருக்க மாட்டார். இதைத்தான் வேடிக்கை என்று எழுதியிருக்கிறீர்கள்.

வெள்ளம் 600 கிலோமீட்டர் தள்ளித்தானே வந்திருக்கிறது என்பீர்கள். சரி. அம்மா இந்த வெள்ளத்துக்காகப் பை கட்டவில்லை. தன் வயதுக்காரர்கள் கூரையில் உட்கார்ந்திருப்பதை ஒன்பது நாளாகப் பார்த்துவிட்டு, தனக்கு வரக்கூடிய ஒரு நாளுக்காகக் கட்டியிருக்கிறார். அந்தப் பயத்தில் தப்பே இல்லை. 2005இல் கத்ரீனா புயலில் அமெரிக்காவின் லூசியானா மாகாணத்தில் இறந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் வந்த ஆழிப்பேரலையில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் 60 வயதைக் கடந்தவர்கள். ஓட முடியாது, படியேற முடியாது, எழுப்பிவிட ஆள் இல்லை, காது சரியாகக் கேட்கவில்லை என்று எத்தனையோ காரணங்கள். வெள்ளம் வந்தால் முதலில் மாட்டிக்கொள்வது யார் என்று உங்கள் அம்மா சரியாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார்.

"இருடா, என்னமோ சொல்றாங்க" என்று சொன்னாரே, அதையும் ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். இந்த ஒன்பது நாளில் டிவியைத் தவிர வேறு யார் அவரிடம் ஏதாவது சொன்னார்கள்? நீங்கள் சொன்னீர்களா? ரிமோட்டைக் கேட்டீர்கள், அவ்வளவுதான். பயந்திருப்பவர் யாராவது பேச மாட்டார்களா என்று பார்ப்பார். உங்கள் வீட்டில் அந்தப் பெட்டி மட்டும் பேசியது, அவர் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

1985 நவம்பரில் கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்தது. மலை மேலிருந்த பனி உருகி, சேறாக இறங்கி, அர்மெரோ என்ற ஊரை மூடியது. இறந்தவர்கள் 20,000 பேருக்கும் மேல். இடிந்த வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீரில் கால் சிக்கிக்கொண்ட 13 வயதுச் சிறுமி ஒருத்தி கிட்டத்தட்ட மூன்று நாள் உயிரோடு இருந்தாள். அவள் முகத்துக்கு எதிரே கேமராக்கள் வந்துவிட்டன, உலகமே பார்த்தது. தண்ணீரை இறைத்து அவளை வெளியே எடுக்க ஒரு பம்ப் வேண்டும் என்று கேட்டார்கள். அது நேரத்துக்கு வந்து சேரவில்லை. அவள் இறந்துபோனாள். அந்தப் படத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். பார்க்க அத்தனை பேர் இருந்தார்கள், தேவையான அந்த ஒரு பொருளைக் கொண்டுவர ஆள் இல்லை. உங்கள் வீட்டில் உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லை, தெரியும். ஆனாலும் பை திறந்துகிடந்தபோது சுற்றி நின்று பார்க்க நாலு பேர் இருந்தீர்கள். இரண்டு பேட்டரி எடுத்து வர ஒருவர்கூட நகரவில்லை.

பிள்ளைகள் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அப்பா சிரிப்பதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். ஆனால் பாட்டியின் பயம் கேலிக்குரியது என்று அவர்கள் அன்றைக்குக் கற்றுக்கொண்டுவிட்டார்கள், அதை நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். இந்தோனேசியாவில் சிமெலு என்று ஒரு தீவு இருக்கிறது. 1907இல் அங்கே ஆழிப்பேரலை வந்து நிறையப் பேர் செத்துப்போனார்கள். தப்பித்தவர்கள் அதைக் கதையாகவும் பாட்டாகவும் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காதே, மேட்டுக்கு ஓடு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஸ்மோங். 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது அந்தத் தீவுதான். சில நிமிடங்களில் அலை வந்துவிட்டது. எந்தச் செய்தியும் எச்சரிக்கையும் எட்ட நேரமில்லை. ஸ்மோங் என்று கத்திக்கொண்டு எல்லோரும் மேட்டுக்கு ஓடினார்கள். சுமார் 78,000 பேர் இருந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். அதே நாளில் இந்தோனேசியா முழுவதும் சேர்த்து ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தத் தீவில் யாரோ ஒரு பாட்டி சொன்னதை ஒரு பேரன் சிரிக்காமல் கேட்டிருக்கிறான். அதனால்தான் அவனுடைய பிள்ளைகள் பிழைத்தார்கள்.

இணைப்பைத் துண்டிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. பயந்துபோயிருக்கும் ஒருவரிடமிருந்து, பேசிக்கொண்டிருக்கும் ஒரே குரலையும் பிடுங்குவது கொடுமை. அதற்காகக் காலையிலிருந்து இரவு வரை அவர் அதைப் பார்க்கட்டும் என்றும் சொல்ல மாட்டேன். 2013இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. இயற்கைப் பேரிடர் இல்லைதான், ஆனாலும் இங்கே பொருந்தும். அதன் பிறகு அமெரிக்காவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஆய்வாளர்கள் கேட்டுப் பார்த்தார்கள். அடுத்த வாரத்தில் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியிலேயே மூழ்கிக் கிடந்தவர்களுக்கு இருந்த மனஅழுத்த அறிகுறிகள், குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களுக்கு இருந்ததைவிட அதிகம். உங்கள் அம்மாவுக்கு ஆறு மணி நேரம் என்பது பாதிப் பொழுதுகூட இல்லை. குறைக்கத்தான் வேண்டும். ரிமோட்டைப் பிடுங்கிக் குறைக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து குறையுங்கள்.

மனைவியை அனுப்பாதீர்கள். இது உங்கள் அம்மா, உங்கள் வேலை. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, போனை வேறு அறையில் வைத்துவிட்டு அவரோடு சேர்ந்து செய்தி பாருங்கள். பார்க்கும்போது பேசுங்கள். "அம்மா, இது மூணு நாளைக்கு முன்னாடி எடுத்தது, மறுபடியும் போடுறாங்க." "இது அதே வீடுதாம்மா, ஒரே வீடுதான் விழுந்தது." இதைச் சொல்ல ஆள் இல்லாததால்தான் ஒரு வீடு அவர் மனதில் நூறு வீடாகியிருக்கிறது. எது எச்சரிக்கை, எது வெறும் காட்சி என்று பிரித்துச் சொல்லுங்கள். எச்சரிக்கை என்றால் எந்த இடம், எந்த நேரம், என்ன செய்ய வேண்டும் என்று இருக்கும். வானிலைத் துறையின் அறிவிப்பில் அது இருக்கும், பின்னணி இசையோடு ஓடும் படத்தில் இருக்காது. அரை மணி முடிந்ததும் அணைத்துவிட்டு, உடனே எழுந்து போகாமல் கொஞ்ச நேரம் இருங்கள். "ஒண்ணும் ஆகாது, விடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைச் சொன்னால் அவர் மறுபடியும் டிவியிடம்தான் போவார்.

அப்புறம், நம் வீட்டில் தண்ணீர் வந்தால் என்ன செய்வோம் என்று அவரிடம் சொல்லுங்கள். அதற்கு முதலில் நீங்கள் முடிவுசெய்ய வேண்டும். அம்மாவை யார் பிடித்துக்கொண்டு இறங்குவது? நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரமாக இருந்தால் யார்? எங்கே போவது? இதற்கெல்லாம் உங்களிடம் இன்றைக்குப் பதில் இல்லை என்று நினைக்கிறேன். இருந்திருந்தால் அம்மாவுக்கும் தெரிந்திருக்கும், கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்கிற நிலைமை வந்திருக்காது.

அந்தப் பையைப் பொறுத்தவரை, உங்கள் வீட்டில் இந்த ஒன்பது நாளில் நடந்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். பேரிடர் மேலாண்மை பற்றிப் பேசுகிற எவரைக் கேட்டாலும் அவசரப் பை ஒன்று தயாராக இருக்கட்டும் என்றுதான் சொல்வார்கள். நீங்கள் அதை நிரப்ப வேண்டும். ஒரு வாரத்துக்கான மாத்திரையும், கூடவே மருந்துச் சீட்டின் நகலும் இருக்கட்டும். காகிதங்கள் நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறை வேண்டும். ஒரு விசில் போடுங்கள், குரல் எழும்பாதவருக்கு அது உதவும். உங்கள் எண்ணையும் இன்னும் இரண்டு பேர் எண்ணையும் பெரிய எழுத்தில் தாளில் எழுதி வையுங்கள், போனில் சார்ஜ் இருக்காது. பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று வாங்குங்கள், வெள்ளம் வந்தால் முதலில் போவது மின்சாரம், அதோடு டிவியும் போய்விடும். குடிதண்ணீர் பையில் கனக்கும், மூன்று நாளைக்குத் தேவையானதை ஒரு கேனில் தனியாக வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் இதேபோல் ஒவ்வொரு பை கட்டுங்கள். எப்படிக் கட்டுவது என்று பிள்ளைகளைப் பாட்டியிடமே கேட்கச் சொல்லுங்கள், அவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கட்டும்.

இதெல்லாம் வாரக் கடைசியில் செய்துகொள்ளலாம். பேட்டரியை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இன்றைக்கே வாங்கிக்கொண்டு போங்கள். அம்மாவிடம் அந்த டார்ச்சைக் கேட்டு வாங்கி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து போடுங்கள். சிரித்ததற்கு மன்னிப்பும் கேளுங்கள், பிள்ளைகள் இருக்கும்போதே கேளுங்கள். அப்புறம் அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை அவர் கையில் கொடுத்து, அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.