வெயில் வரைபடத்தில் சிக்காத வீடுகள்: கேள்வி பதில்

நகரமைப்பு மாணவி: வெப்பத்தைக் காட்டும் செயற்கைக்கோள் படத்தில் சிவப்பாகத் தெரியும் இடமெல்லாம் ஆபத்தான இடம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்படாதீர்கள். அந்தச் சிவப்பு கூரையின் சூடு, தார்ச்சாலையின் சூடு. நாம் சுவாசிக்கும் காற்றின் வெப்பம் அது இல்லை. இந்தப் படங்களை எடுக்கும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஓர் ஊரைக் கடப்பதும் காலை பத்து மணி வாக்கில்தான். பிற்பகல் மூன்று மணி வெயிலும் இரவுப் புழுக்கமும் வழக்கமான படங்களில் வராது. காலி வாகன நிறுத்துமிடம் பளிச்சென்று சிவந்திருக்கும். சரி, அங்கே யார் குடியிருக்கிறார்கள்?

தன்னார்வலர்: அப்படியானால் எதைத்தான் பார்ப்பது?

எவ்வளவு சூடு படுகிறது, உடம்பு எவ்வளவு தாங்கும், தப்பிக்க வழி உண்டா. இந்த மூன்றில் கடைசியைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 1995 ஜூலையில் சிகாகோவில் வெப்ப அலைக்கு 700 பேருக்கு மேல் இறந்தார்கள். நார்த் லான்டேல், சவுத் லான்டேல் இரண்டும் ஒட்டியிருக்கும் பகுதிகள். வெயில் ஒன்றுதான். வறுமையும், தனியாக வாழும் முதியவர்களின் விகிதமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இறப்பு விகிதம் வடக்கில் பத்து மடங்கு! தெற்கில் தெருவில் கடை இருந்தது, நடமாட்டம் இருந்தது. முதியவர்கள் வெளியே வந்தார்கள். வடக்கில் பாழடைந்த கட்டடங்களும் குற்றப் பயமும் அவர்களைக் கதவுக்குள் பூட்டிவைத்தன. எந்த வெப்பமானியும் இதைக் காட்டாது.

வார்டு வாரியான தரவு போதுமா?

ஆரம்பிக்கப் போதும். ஆனால் சராசரி பல வீடுகளை மறைத்துவிடும். ஒரே கட்டடத்தில் தரைத்தளம் வேறு, மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறை வேறு. அப்படி ஓர் அறையில் இரவு 11 மணிக்குச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி சுட்டது. 2003 கோடையில் பிரான்சில் சுமார் 15,000 பேர் இறந்தபோது, பாரிஸில் கூரையை ஒட்டிய மாடி அறைகளில் இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகமாக இருந்தது.

தரவு ஆய்வாளர்: இந்த மூன்றையும் சேர்த்து ஒவ்வொரு வார்டுக்கும் ஓர் ஆபத்துக் குறியீட்டெண் போடும்போது எதற்கு எவ்வளவு வெயிட்டேஜ்?

முதலில் எல்லாவற்றுக்கும் சமமாகக் கொடுங்கள். அப்புறம் மாற்றிப் பாருங்கள். லேசாக மாற்றியதுமே முதல் பத்து வார்டுகள் இடம் மாறினால், உங்கள் வரைபடத்தை நம்ப வேண்டாம். பிறகு உண்மையான இறப்புகளோடு ஒப்பிடுங்கள். சான்றிதழில் 'வெப்பம்' என்று தேடிப் பயனில்லை, மாரடைப்பு என்றே எழுதியிருப்பார்கள். வழக்கத்தைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று எண்ண வேண்டும். அகமதாபாத்தில் 2010 மே மாதம் அப்படி எண்ணியபோது 1,344 வந்தது. 2013இல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது.

ஏசி உள்ள வீடுகளை ஆபத்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா?

கூடாது. கரண்ட் போனால் அது வெறும் பெட்டி. பில்லுக்குப் பயந்து போடாமலே வைத்திருப்பவர்களும் உண்டு. கணக்கெடுக்கும்போது 'ஏசி இருக்கிறதா' என்பதோடு, 'போன கோடையில் எத்தனை ராத்திரி போட்டீர்கள்' என்றும் கேளுங்கள்.