கிராமச் செவிலியர்களின் பிரசவப் பயிற்சிக்கு அரசு நிதி உண்டா?

உசிலம்பட்டி பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருப்பதாகவும், பிரசவப் பயிற்சிக்கு அரசு நிதி கிடைக்குமா, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நிதி உண்டு, ஆனால் உங்கள் கைக்கு வராது. தேசிய நலவாழ்வு இயக்கத்தின் கீழ் மாநில அரசு திட்டம் போட்டு அனுப்பும், மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற விகிதத்தில் செலவைப் பகிர்ந்துகொள்ளும், அதில் பயிற்சிக்கென்று ஒரு பங்கு இருக்கும். முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணம் வேறு, அது தாய்மார்களுக்கான உதவி, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முக்கியமானது 21 நாள் திறன்மிகு பிரசவ உதவியாளர் பயிற்சி. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசி 10 யூனிட் போடுவது, பிரசவம் எப்படிப் போகிறது என்று காட்டும் பார்ட்டோகிராஃப் வரைபடம் போடுவது, வலிப்பு வந்த தாய்க்கு அதைக் கட்டுப்படுத்தும் மக்னீசியம் சல்பேட் மருந்தின் முதல் டோஸ் கொடுத்துவிட்டு மேல்மருத்துவமனைக்கு அனுப்புவது எல்லாம் இதில்தான் வரும். பேரையூர், சேடப்பட்டி மாதிரி இடங்களிலிருந்து மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு 108 வண்டியில் போய்ச் சேரும் நேரத்தில் ரத்தப்போக்கு நிற்காது. அதனால் அந்த முதல் ஊசி உங்கள் கையில்தான் இருக்கிறது, இந்தப் பயிற்சியை தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

சரி, யாரிடம் கேட்பது? உங்கள் வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். அப்புறம், பயிற்சி நடக்கும் இடத்தில் தினமும் பிரசவம் நடக்கிறதா என்று கேளுங்கள், வகுப்பில் உட்கார்ந்து மட்டும் இது கைவராது.