சேத்தே சிடாடிஸ்: இரண்டு முறை போயும் மேகம்தானா?

போர்ச்சுகலின் அசோரஸ் தீவுகளில், சாவ் மிகுவேல் தீவின் எரிமலைப் பள்ளத்தில் உள்ள சேத்தே சிடாடிஸ் இரட்டை ஏரியைப் பார்க்க இரண்டு முறை போயும் மேகம் மறைத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு அதன் மேலுள்ள விஸ்டா டோ ரெய் பார்வைமேடைக்கு வண்டியை விடாதீர்கள். காலையில் ஸ்பாட்அசோரஸ் இணையதளத்தின் நேரலைக் கேமராவில் ஏரி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, தெரிந்தால் உடனே கிளம்புங்கள்.

தீவின் முக்கிய நகரமான பொன்டா டெல்காடாவில் வெயில் அடிக்கும்போது அங்கே மட்டும் ஏன் இப்படி என்று கேட்டிருந்தீர்கள். அட்லாண்டிக்கின் ஈரக்காற்று எரிமலைச் சரிவில் மோதி, மேலேறிக் குளிர்ந்து மேகமாகிறது, நீங்கள் நின்ற இடம் 500 மீட்டருக்கும் மேலே, அந்த மேகத்துக்குள்ளேயே.

மேலே ஒன்றும் தெரியாவிட்டாலும் திரும்பிவிடாமல் கீழே ஊருக்கு இறங்குங்கள். பச்சை ஏரிக்கும் நீல ஏரிக்கும் நடுவே உள்ள பாலத்தில் பல சமயம் தெளிவாக இருக்கும்.

ஒன்று, கேமராவில் தெளிவாகத் தெரிந்தாலும் நீங்கள் போய்ச் சேர்வதற்குள் மூடிவிடலாம். அப்போது இன்னொரு எரிமலை ஏரியான லகோவா டோ ஃபோகோ போகாதீர்கள், அதன் பார்வைமேடை இன்னும் உயரம். அதற்குப் பதில் அதே தீவின் ஃபுர்னாஸ் ஊருக்குப் போங்கள், மண்ணுக்கடியில் எரிமலைச் சூட்டில் வேகும் கொசீடோ (இறைச்சியும் காய்கறியும் சேர்ந்த உணவு) பானைகளை ஆவி பறக்கத் தூக்குவதை மதியத்தில் பார்க்கலாம்.