பழைய கணினிக்குப் புதிய கிராஃபிக்ஸ் கார்டு: வாசகர் கேள்விகள்

கேள்வி: 2018-இல் வாங்கிய கேமிங் கணினி என்னிடம் உள்ளது. இன்டெல் கோர் ஐ5-8400 பிராசசர், ஒற்றை 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 கார்டு (3 ஜிபி), 450 வாட் பவர் சப்ளை, 1080பி அளவில் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். புதிய விளையாட்டுகளில் எல்லா அமைப்புகளையும் குறைத்தும் நொடிக்கு 40 ஃபிரேமை (திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) தாண்டவில்லை. விளையாட்டில் ஊருக்குள் நுழைந்து சட்டென்று திரும்பினால் படம் திக்கித் திக்கி வருகிறது. கார்டை மட்டும் மாற்றினால் போதும் என்பது என் எண்ணம். பிராசசரே பழையது, எந்தக் கார்டைப் போட்டாலும் வீண் என்கிறார் என் அண்ணன். யார் சொல்வது சரி?

பதில்: இதை நீங்களே அரை மணி நேரத்தில் சோதித்துத் தெரிந்துகொள்ளலாம். ஃபிரேம் எண்ணிக்கையையும் கார்டின் பயன்பாட்டையும் திரையின் மூலையில் காட்டும் ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருள் ஒன்றை நிறுவுங்கள். வி-சிங்க் (ஃபிரேம் வேகத்தை மானிட்டரின் வேகத்தோடு பூட்டும் அமைப்பு), ஃபிரேம் வரம்பு இரண்டையும் அணைத்துவிட்டு, உங்களைத் தொல்லைப்படுத்தும் அதே விளையாட்டின் அதே இடத்தில் நின்று பாருங்கள். கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நிற்குமானால், கார்டு தன்னால் ஆனதையெல்லாம் செய்துவிட்டது என்று பொருள். அது 60, 70 சதவீதத்தில் இருக்கும்போதே ஃபிரேம்கள் குறைந்தால், வேலை வந்து சேராமல் கார்டு காத்துக்கொண்டிருக்கிறது. அப்போது தடை பெரும்பாலும் பிராசசரிலோ ரேமிலோ இருக்கும். அடுத்ததாக, திரை அளவை 720பி ஆகக் குறைத்து மறுபடியும் பாருங்கள். 40 ஃபிரேம் 65, 70 என்று ஏறினால் பிராசசருக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. 42-லேயே நின்றுவிட்டால் அண்ணன் சொல்வதே சரி.

இந்தச் சோதனையில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பிராசசரின் பயன்பாடாகக் காட்டப்படுவது அதன் எல்லாக் கோர்களின் (தனித்தனியே இயங்கும் கணிப்புப் பகுதிகளின்) சராசரி. ஆறு கோர் கொண்ட உங்கள் பிராசசரில் ஒரே ஒரு கோர் முழுச் சுமையில் திணறினாலும், மொத்தக் கணக்கில் அது ஏறத்தாழ 17 சதவீதமாகவே தெரியும். ஆகவே பிராசசரின் சதவீதத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், கார்டின் சதவீதத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், உங்கள் கணினியில் தடை கார்டில்தான் இருக்கும் என்றே கருதுகிறேன். ஊருக்குள் திரும்பும்போது படம் திக்குவதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள்: கடைப் பலகையோ சுவரோ முதலில் மங்கலாகத் தோன்றி, ஓரிரு நொடி கழித்துத் தெளிவாகிறதா? அப்படியானால் கார்டின் 3 ஜிபி நினைவகம் நிரம்பி வழிகிறது. உங்கள் கார்டு தன் சொந்த நினைவகத்திலிருந்து நொடிக்கு 192 ஜிபி வரை எடுக்கக்கூடியது. அங்கே இடமில்லாமல் போனதை அது கணினியின் ரேமிலிருந்து, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 பாதை வழியாக எடுத்துவர வேண்டும். அந்தப் பாதையின் கொள்ளளவோ நொடிக்கு ஏறக்குறைய 16 ஜிபிதான். அந்த ரேமும் 8 ஜிபி மட்டுமே என்பதால் அதுவும் நிரம்பி, தரவு வட்டுக்குப் போய்த் திரும்புகிறது. டெக்ஸ்சர் (பரப்புகளின் மேல் போர்த்தப்படும் படங்கள்) அமைப்பை மட்டும் மிகக் குறைவாக வைத்துப் பாருங்கள். திக்கல் நின்றால் காரணம் உறுதியாகிவிடும். 1060 என்ற ஒரே பெயரில் வந்த இரண்டு கார்டுகளில் உங்களுடையது நினைவகத்தில் மட்டும் குறைந்தது அன்று. 6 ஜிபி கார்டில் 1280 கணிப்பு அலகுகள் இருக்க, இதில் 1152தான் உள்ளன. பெயரை மட்டும் பார்த்து வாங்கியவர்களுக்கு அது நேர்மையான பெயராக இருக்கவில்லை என்றே இன்றும் எண்ணுகிறேன்.

ஆகவே முதல் வேலையாக, இப்போதுள்ள ரேமுக்கு இணையான இன்னொரு 8 ஜிபி துண்டை வாங்கிப் பொருத்துங்கள். அளவு இரட்டிப்பாவதோடு, இரண்டு துண்டுகளும் இரு தடங்களில் சேர்ந்து இயங்குவதால் பிராசசருக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். கார்டு வாங்க நினைத்த பணத்தில் இதற்குச் சிறு பங்கே ஆகும்.

பிறகு கார்டு. உங்கள் மானிட்டர் நொடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றுகிறது. அதற்கு மேல் கார்டு உருவாக்கும் ஃபிரேம்களால் கண்ணுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. எனவே உச்ச வகைக் கார்டுகளை நினைக்கவே வேண்டாம். 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060, 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 ஆகிய மூன்றும் உங்கள் கணினிக்குப் பொருத்தமான தரத்தில் உள்ளவை. முதல் இரண்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையின் பதினாறு தடங்களில் எட்டை மட்டுமே பயன்படுத்துவதால், பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 கொண்ட உங்கள் மதர்போர்டில் பாதை பாதியாகிவிடும். 8 ஜிபி நிரம்பாதவரை அதனால் வரும் இழப்பு சிறியதே. நிரம்பினால் பழைய திக்கல் திரும்பிவரும். அந்தக் கவலை வேண்டாம் என்றால் பதினாறு தடங்களும் கொண்ட 3060 நல்லது. வெறும் 4 ஜிபியும் நான்கே தடங்களும் கொண்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாகக் கிடைத்தாலும் உங்கள் போர்டுக்கு வேண்டாம்.

பவர் சப்ளையை இறுதியில் யோசிக்கலாம் என்று தள்ளிவைக்காதீர்கள். ஆர்எக்ஸ் 6600-க்கு 450 வாட் போதும் என்று அதன் தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். மற்ற இரண்டுக்கும் 550 வாட் பரிந்துரைக்கப்படுகிறது. 3060 கார்டின் நுகர்வு 170 வாட் என்பதால் அதற்கு அந்தப் பரிந்துரைக்குக் குறைவான பவர் சப்ளை வேண்டாம். கார்டுக்கான எட்டு முனை இணைப்பு பவர் சப்ளையிலிருந்தே நேராக வர வேண்டும். அந்த இணைப்பு 150 வாட் வரை தரக்கூடியது. வட்டுகளுக்கான சாட்டா மின்முனை 54 வாட்டுக்கு மேல் தாங்காது. ஆயினும் சாட்டாவிலிருந்து எட்டு முனைக்கு மாற்றும் அடாப்டர்கள் விற்கப்படுகின்றன. அப்படி ஒன்றை நானே ஒருமுறை பொருத்தி, ஒரு மாலை முழுவதும் விளையாடிவிட்டுப் பெட்டியைத் திறந்தபோது, வெள்ளை முனை பழுப்பேறி, பிளாஸ்டிக் இளகி ஒட்டிக்கொண்டிருந்தது; அருகில் போனாலே கருகல் நெடி. தயவுசெய்து அதை வாங்காதீர்கள்.

கேள்வி: என்னுடையது ஐ7-4790, ஜிடிஎக்ஸ் 970. இதில் ஆர்டிஎக்ஸ் 4060 போடலாமா?

பதில்: பொருத்தினால் ஓடும், ஆனாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 2014-இல் வந்த அந்த பிராசசரில் நான்கு கோர்களே உள்ளன. நெரிசலான காட்சிகளில் கார்டு அதற்காகக் காத்திருக்கும். டிடிஆர்3 ரேமை அடுத்த போர்டுக்குக் கொண்டுபோக முடியாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் பிராசசர் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், உங்களுடையது நான்காம் தலைமுறை. ஓராண்டுக்குள் போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் மாற்றுவது உறுதி என்றால் மட்டும் கார்டை இப்போதே வாங்கிப் பயன்படுத்தி, பின்னர் புதிய கணினிக்கு எடுத்துச் செல்லலாம். இன்டெல் ஆர்க் கார்டுகள், கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒருசேர அணுக உதவும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத போர்டில் மிகவும் பின்தங்கும் என்பதால் இந்தக் கணினிக்கு அவை ஏற்றவை அல்ல.

கேள்வி: ரைசன் 5 2600, ஆர்எக்ஸ் 580 (8 ஜிபி) வைத்திருக்கிறேன். அண்மையில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். போட்டி விளையாட்டுகள் மட்டுமே ஆடுகிறேன். அமைப்புகள் எல்லாம் குறைவில்தான். கார்டை மாற்றட்டுமா?

பதில்: நீங்கள் முதலில் மாற்ற வேண்டியது பிராசசராக இருக்கலாம். குறைந்த அமைப்பில் கார்டுக்கு வேலை குறைவு. நொடிக்கு 144 ஃபிரேமுக்கான கணக்கைப் போட்டுத் தர வேண்டியது பிராசசர். முதல் பதிலில் சொன்ன சோதனையைச் செய்து, கார்டு 95 சதவீதத்தைத் தொடவில்லை என்றால், மதர்போர்டின் தயாரிப்பாளர் தளத்தில் பிராசசர் ஆதரவுப் பட்டியலைப் பாருங்கள். உங்கள் பிராசசர் பொருந்தும் ஏஎம்4 வகைப் போர்டுகள் பலவற்றில், போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தபின் ரைசன் 5000 வரிசையைப் பொருத்தலாம். பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். கழற்றிய பிறகு நினைவு வந்தால், புதிய பிராசசருடன் கணினி திரையையே காட்டாமல் போகக்கூடும்.