சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம்? நேர் விமானத்தில் எத்தனை மணி நேரம்?

மிகக் குறுகிய வான்வழித் தூரம் சுமார் 15,350 கி.மீ. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நடுவில் எங்கும் இறங்காமல் போகிறது. ஏறத்தாழ பதினெட்டரை முதல் பத்தொன்பது மணி நேரம் ஆகும்.

உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், குறுக்குவழி வடதுருவத்தை ஒட்டியே போகும். ஆனால் நியூயார்க் போகிற விமானம் பெரும்பாலும் ஜப்பான் பக்கம் ஏறி பசிபிக்கைக் கடக்கும். மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், ஆயிரம் கி.மீ.க்கு மேல் சுற்றினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம்தான்.

இதற்கென்றே உள்ள ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) விமானத்தில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். எடையைக் குறைக்க 161 இருக்கைகள் மட்டுமே. எகானமி வகுப்பே கிடையாது. (டிக்கெட் விலையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள்!)

அப்புறம், நியூயார்க் நேரம் 12 மணி பின்தங்கியது, குளிர்காலத்தில் 13. அதனால் நள்ளிரவு தாண்டிக் கிளம்பினால் அங்கே அதே தேதி விடிகாலையில் இறங்குவீர்கள். எகானமிதான் வேண்டும் என்றால் பிராங்க்பர்ட் வழியாகப் போகும் விமானத்தைப் பாருங்கள்; நேரம் கூடும், செலவு குறையும்.