கடிதம் இல்லாமல் போட்ட ஜம்பர்

வாசகர் கேள்வி – பதில்

(டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 34 வருடம் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார். இந்த இதழில் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒட்டுக்கேட்பு பற்றியவை. அதனால் இந்த முறை அது மட்டும்.)

தேனியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: நான் போனில் பேசுவதை அரசாங்கம் கேட்க வேண்டுமென்றால் போன் கம்பெனியின் உதவி தேவையா? அல்லது அவர்களாகவே கேட்டுக்கொள்ள முடியுமா?

போனுக்குள்ளேயே புகுந்துகொள்கிற பெகாசஸ் மாதிரி மென்பொருள்கள் வந்துவிட்டன. 2021இல் அதைப் பற்றி உலகமே பேசியது. ஆனால் லைனில் போகிற பேச்சைக் கேட்க வேண்டுமென்றால் இன்றைக்கும் கம்பெனியின் கருவிகள் வழியாகத்தான் போக வேண்டும், அம்மா.

எங்கள் காலத்தில் எக்ஸ்சேஞ்சுக்குள் எம்.டி.எஃப் என்று ஆள் உயரத்துக்கு மேல் ஓர் இரும்புச் சட்டம் நிற்கும். தெருவிலிருந்து வரும் கேபிள் ஒரு பக்கம், எக்ஸ்சேஞ்ச் நம்பர்கள் மறுபக்கம். இரண்டையும் இணைப்பது நூல் மாதிரி மெல்லிய ஜம்பர் ஒயர். ஒருவர் பேசுவதைக் கேட்க, அந்த இடத்திலிருந்து இன்னொரு ஜோடி ஒயரைப் பேரலலாக இழுத்தால் போதும். இரண்டு நிமிட வேலை. போலீஸ் அதிகாரி எவ்வளவு பெரியவராக இருந்தாலும், ஆயிரக்கணக்கான ஒயர்களில் உங்கள் ஜோடி எது என்று அவருக்குத் தெரியாது. டெக்னீஷியனுக்குத்தான் தெரியும்.

அந்த டெக்னீஷியன் கையை எது தடுக்கும் என்றால், ஒரு காகிதம். 1885ஆம் வருடத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு, பொது நெருக்கடியோ பொதுமக்கள் பாதுகாப்போ இருந்தால்தான் ஒட்டுக்கேட்கலாம் என்றது. 1996 டிசம்பரில் பி.யு.சி.எல் என்ற மக்கள் உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், உள்துறைச் செயலர் எழுத்துமூலம் உத்தரவு போட வேண்டும், அது இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது என்று தீர்ப்பளித்தது. இப்போது பழைய சட்டத்தின் இடத்தில் 2023ஆம் வருடச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் மாறினாலும் காகிதம் வேண்டும் என்பது மாறவில்லை. யாரோ ஒரு பொறுப்பான ஆள் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். நமக்கு இருக்கிற பாதுகாப்பு அவ்வளவுதான்.

கோவையிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர்: அமெரிக்காவில் ஏடி அண்ட் டி என்ற போன் கம்பெனியின் கட்டடத்துக்குள்ளேயே உளவு அமைப்புக்கு ஒரு ரகசிய அறை இருந்ததாகச் சொல்கிறார்கள். உண்மையா, கட்டுக்கதையா?

உண்மைதான், தம்பி. இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறையின் நம்பர் 641ஏ. சான் பிரான்சிஸ்கோ, ஃபோல்சம் தெரு, 611ஆம் எண் கட்டடத்தில் ஆறாவது மாடி. 24 அடிக்கு 48 அடி. அதை வெளியே சொன்னவர் மார்க் க்ளைன். அந்தக் கம்பெனியில் 22 வருடம் வேலை பார்த்த டெக்னீஷியன்.

2002 கோடையில் அவர் வேறொரு ஆபீசில் இருந்தார். என்.எஸ்.ஏ என்கிற உளவு அமைப்பிலிருந்து ஒருவர் வரப்போகிறார், ஒரு டெக்னீஷியனைத் தனி வேலைக்காகப் பார்த்துப் பேசப்போகிறார் என்று மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. வந்தும் பேசினார். அடுத்த ஜனவரியில் ஃபோல்சம் தெருவுக்குப் போனபோது, ஸ்விட்ச் ரூமுக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் அறை எழும்பிக்கொண்டிருப்பதை க்ளைன் பார்த்தார். 2003 அக்டோபரில் அவரையே அந்தக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். ஏழாவது மாடியில் இன்டர்நெட் ரூமைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

அங்கே ஒரு கேபினெட் இருந்தது. உள்ளே இருந்தது ஸ்ப்ளிட்டர். கண்ணாடி இழையில் சேதி ஒளியாகப் போகிறது அல்லவா, அந்த ஒளியை ஸ்ப்ளிட்டர் இரண்டாகப் பிரிக்கும். வாய்க்கால் தண்ணீரை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு வயலுக்கும் பாதிதான் போகும். ஒளியைப் பிரித்தால் வெளிச்சம்தான் குறையும், சேதி இரண்டு பக்கமும் முழுசாகவே போகும். ஒரு பக்கம் வழக்கம்போல ஊர்போய்ச் சேர்ந்தது. மறுபக்கம் கீழ் மாடிக்கு இறங்கி 641ஏ அறைக்குள் போனது. அந்த அறையின் சாமான் பட்டியலில் நாரஸ் என்ற கம்பெனியின் கருவி இருந்தது. கடந்து போகிற இன்டர்நெட் சேதிகளைப் பிரித்துப் பார்த்துச் சலித்தெடுக்கிற கருவி அது.

எங்கள் எம்.டி.எஃப்பில் ஒட்டுக்கேட்பதென்றால் ஒரு நம்பர், ஒரு ஜோடி ஒயர். அங்கே பிரிக்கப்பட்டது ஏடி அண்ட் டி வலைப்பின்னல் மற்ற கம்பெனிகளின் வலைப்பின்னலோடு சேர்கிற சந்திப்பு. அதனால் அந்தக் கம்பெனிக்கு ஒரு நாளும் பணம் கட்டாதவர்களின் இமெயில் கடிதங்களும் அதற்குள் போயின. யார்மேல் சந்தேகம், யாருக்கு உத்தரவு என்ற பேச்சே அதில் இல்லை. ஆற்றையே வழிமறித்துத் திருப்பினார்கள்.

அவர் நீதிமன்றத்தில் கொடுத்த வாக்குமூலத்தில் இரண்டு விஷயங்கள் எனக்கு மறக்கவில்லை. ஒன்று, அந்த அறைக்குள் இருந்த பெரிய ஏசி பழுதாகி, தண்ணீர் தரை வழியாக இறங்கிக் கீழ் மாடிக் கருவிகள்மேல் சொட்டியது. அறையைத் திறக்க அனுமதி உள்ள ஒரே ஆள் உடனே கிடைக்கவில்லை. சில நாள் அப்படியே சொட்டவிட்டார்கள். எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவனுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். கருவிமேல் ஒரு சொட்டு ஈரம் பட்டாலே நாங்கள் நள்ளிரவில் எழுந்து ஓடுவோம்.

இரண்டாவது, புதிதாக ஒரு சர்க்யூட் வந்தால் அதை அந்த ஸ்ப்ளிட்டர் கேபினெட்டில் இணைத்து ஓடவைப்பது க்ளைனின் வேலையாகவே இருந்தது. அதாவது அவர் கையாலேயே அதைச் செய்தார். மாதச் சம்பளக்காரன் கையில் கொடுக்கிற வேலைச் சீட்டில் 'இது அநியாயம்' என்று எழுதியிருக்காது. சர்க்யூட் நம்பர்தான் எழுதியிருக்கும்.

2004இல் ஓய்வு பெற்றார். ஒயரிங் காகிதங்கள் அவரிடம் இருந்தன. நீதிமன்ற உத்தரவில்லாமல் ஒட்டுக்கேட்பு நடக்கிறது என்று 2005 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியதும், தான் பார்த்தது என்ன என்று அவருக்கு முழுசாகப் புரிந்தது. அடுத்த மாதம் அந்தக் காகிதங்களோடு சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும், இன்டர்நெட் உரிமைகளுக்காகப் போராடுகிற எலக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன் ஆபீசுக்குப் போய் நின்றார்.

அறைக்குள் என்ன நடந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும், அங்கே உட்கார்ந்து பார்த்தாரா என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். டெக்னீஷியனுக்கு உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை. ஒயர் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரிந்தால் போதும். ஒருவருக்கு வந்த கடிதம் முழுவதையும் நகலெடுத்துப் பக்கத்து அறைக்கு அனுப்பிய பிறகு, அந்த அறைக்காரர் அதைப் படித்தாரா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. அனுப்பியதே குற்றம்.

மார்க் க்ளைன் 2025 மார்ச்சில், 79 வயதில் காலமானார். அவர் இறந்த செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வழக்கறிஞர்: சரி, அந்தக் கம்பெனிக்கு என்ன தண்டனை கிடைத்தது?

ஒன்றும் இல்லை, ஐயா.

2006 ஜனவரியில் வாடிக்கையாளர்கள் சார்பில் கம்பெனிமேல் வழக்குப் போட்டார்கள். அரசாங்கம் நடுவில் புகுந்து, இது அரசு ரகசியம், விசாரிக்கவே கூடாது என்றது. நீதிபதி வான் வாக்கர் அதை ஏற்காமல், அந்த ஜூலையில், வழக்கு நடக்கட்டும் என்றார். கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. அது நடந்துகொண்டிருக்கும்போதே, 2008 ஜூலையில், நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் வந்தது. ஒத்துழைத்த போன் கம்பெனிகள்மேல் வழக்கே போட முடியாது, ஏற்கெனவே நடந்ததற்கும் சேர்த்து விலக்கு. செனட்டில் 69 பேர் ஆதரவு, 28 பேர் எதிர்ப்பு. புஷ் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு கையெழுத்தில் ஏறக்குறைய 40 வழக்குகள் அடிபட்டுப்போயின. அரசாங்கத்தின்மேல் தனியாகப் போட்ட வழக்கு 2022 வரை இழுத்து, கடைசியில் உச்ச நீதிமன்றம் எடுக்கவே மறுத்துவிட்டது. வழக்குப் போட்டவர்களின் கடிதத்தைப் பிரித்தார்களா இல்லையா என்று ஒரு நீதிமன்றம்கூட உட்கார்ந்து விசாரித்துச் சொல்லவில்லை.

எனக்கு அறையைவிட இந்தச் சட்டத்தின்மேல்தான் கோபம் அதிகம். தப்பு நடந்தபோது இல்லாத அனுமதியை, மாட்டிக்கொண்ட பிறகு எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் ஆபீசில் முன்தேதி போட்டு ஒரு வவுச்சர் எழுதினால் வேலை போய்விடும்.

பயந்துபோய்க் கம்பெனிகள் இணங்கியிருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். என்.எஸ்.ஏவுக்காக ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஸ்னோடன் 2013இல் வெளியிட்ட பட்ஜெட் காகிதங்களில், கம்பெனிகளின் ஒத்துழைப்புக்காக என்.எஸ்.ஏ அந்த ஒரு நிதியாண்டுக்கு மட்டும் ஒதுக்கியது 278 மில்லியன் டாலர் என்று இருக்கிறது. அப்புறம், முடியாது என்று சொன்ன கம்பெனியும் உண்டு. க்வெஸ்ட் என்ற போன் கம்பெனி நீதிமன்ற உத்தரவு கேட்டது, அது வராததால் ஒத்துழைக்கவில்லை. அதன் தலைவராக இருந்த ஜோசப் நாக்கியோ பிறகு பங்கு விற்பனை மோசடியில் சிறைக்குப் போனார். மறுத்ததற்குப் பழிவாங்கினார்கள் என்றார் அவர், நீதிமன்றம் ஏற்கவில்லை. அவரை நான் தியாகி ஆக்க வரவில்லை. காகிதம் கேட்க முடியும், கேட்டுவிட்டுக் கம்பெனியும் நடத்த முடியும் என்பதற்கு அது சாட்சி. எனக்கு அது போதும்.

திருநெல்வேலியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு போஸ்ட்மாஸ்டர்: தந்தி காலத்தில் இந்த வம்பெல்லாம் கிடையாது, இல்லையா?

இருந்தது அண்ணாச்சி. இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945இல் வெஸ்டர்ன் யூனியன், ஆர்சிஏ, ஐடிடி ஆகிய மூன்று தந்திக் கம்பெனிகளும், அமெரிக்காவுக்கு வரும், அங்கிருந்து போகும் வெளிநாட்டுத் தந்திகளின் நகலை உளவுத்துறைக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டன. ஷாம்ராக் என்று அதற்குப் பெயர். 30 வருடம் ஓடியது. உச்சத்தில் மாதத்துக்கு ஒன்றரை லட்சம் தந்திகளைப் படித்தார்கள். 1975இல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையில் ஒரு குழு விசாரித்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. இனி உளவுக்கும் நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்று 1978இல் சட்டம் போட்டார்கள். 641ஏ அறை அந்தச் சட்டத்தைத்தான் தாண்டிப் போனது.

மதுரையிலிருந்து ஒரு வியாபாரி: மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? ஒளிக்க ஒன்றுமில்லாதவன் எதற்குக் கவலைப்பட வேண்டும்?

மார்ட்டின் லூதர் கிங் மடியில் என்ன கனம் இருந்தது? அவர் வீட்டு, ஆபீஸ் போன்களை ஒட்டுக்கேட்க 1963இல் எஃப்.பி.ஐ அனுமதி வாங்கியது. ஓட்டல் அறைகளில் ஒலிவாங்கி வைத்தது. அடுத்த வருடம் நவம்பரில், அங்கே பதிவான ஒலிநாடாவோடு ஒரு மொட்டைக் கடிதம் அவருக்குப் போனது. தற்கொலை செய்துகொள் என்று மறைமுகமாகச் சொன்ன கடிதம். அனுப்பியது எஃப்.பி.ஐ.

இன்னொன்றும் சொல்கிறேன். தந்தி விவகாரத்தை விசாரித்த ஃபிராங்க் சர்ச் பெயரைச் சொன்னேனே, என்.எஸ்.ஏ கண்காணித்தவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. குத்துச்சண்டை வீரர் முகமது அலி பெயரும் இருந்தது. 2013இல்தான் அந்தக் காகிதங்கள் வெளியே வந்தன.

ஒளிக்க ஒன்றுமில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் உங்கள் பேச்சில் எது குற்றம் என்று முடிவு செய்கிறவர் நீங்கள் அல்ல, கேட்கிறவர். நம் சென்னை உயர் நீதிமன்றமும் 2025 ஜூலையில் ஒரு வழக்கில், பொது நெருக்கடியோ பொதுமக்கள் பாதுகாப்போ இல்லாத இடத்தில், குற்றத்தைக் கண்டுபிடிக்கிறோம் என்று சொல்லி ரகசியமாக ஒட்டுக்கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்று 2011இல் போட்ட ஓர் உத்தரவை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை இரண்டு தடவை படித்தேன்.

விருதுநகரிலிருந்து ஒரு வாசகர்: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் எப்போதாவது செய்திருக்கிறீர்களா?

செய்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருடம். ஒரு சின்ன ஊர் எக்ஸ்சேஞ்ச். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே ஒரு நூல் மில்லில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் மேலதிகாரி போன் பண்ணி ஒரு நம்பரைச் சொன்னார். அந்த ஜோடியிலிருந்து பேட்டரி ரூமுக்குப் பேரலல் இழு, ஆள் வருவார் என்றார். மில் தொழிற்சங்கச் செயலாளர் வீட்டு நம்பர் அது. கடிதம் வருமா சார் என்று கேட்டேன். பின்னால் வரும் என்றார். நான் ஜம்பரை எடுத்தேன்.

மஃப்டியில் ஒருவர் டேப் ரெக்கார்டரோடு வந்து உட்கார்ந்தார். 11 நாள். நான்தான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவது நாள் சாயங்காலம், பதிவான கேசட்டை வாங்கிப்போக இன்னொருவர் வந்தார். அவரை எனக்குத் தெரியும். மாசா மாசம் மில்லின் போன் பில்லைக் கட்ட எங்கள் கவுன்ட்டருக்கு வருகிற ஆள். மில் ஆபீஸ் கிளார்க். கேசட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கடிதம் வரவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, அந்தச் செயலாளரே எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். லைனில் இரைச்சல், குரல் மெல்லிசாகக் கேட்கிறது, என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, டாக்டரிடம் பேச முடியவில்லை தம்பி, கொஞ்சம் பாருங்கள் என்றார். நான் எம்.டி.எஃப் பக்கம் போய், நானே இழுத்த அந்த ஒயருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். புகார் டாக்கெட்டில் 'டெஸ்டட் ஓகே' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டேன். அந்த 11 நாளும் அந்த லைனைப் பற்றி யாராவது கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம் அதுதான்.